தூங்கி விழுந்த கோழி

போன மாதம் இந்தப் பகுதியில் எங்கள் வீட்டுக் கோழி முட்டையைப் பற்றிப் போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அவ்வளவுதான், வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. "எங்க பிள்ளைங்களும் கேக்கறாங்க, வாங்கலாமா?" "வாரத்துக்கு எத்தனை முட்டை வரும்?" "நரி வராதா?"

வாங்குங்கள். நரி வரும். முட்டை கோடையில் வேண்டிய மட்டும் கிடைக்கும், குளிர்காலத்தில் எண்ணி ஒன்றிரண்டு. ஆனால் ஒரு கேள்வியை யாருமே கேட்கவில்லை. கோழிக்குச் சீக்கு வந்தால் என்ன செய்வது? எனக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லைதான், 2022 நவம்பர் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரை.

அப்போது எங்களிடம் ஆறு கோழிகள். பெயர் வைத்தது பிள்ளைகள், அதனால் எல்லாம் சாப்பாட்டுப் பெயர்கள். கறுப்புக்கு மிளகு, வெள்ளைக்கு இட்லி, செம்பழுப்பில் ஒன்று சாம்பார், இன்னொன்று முறுக்கு. இந்த நாலும் பழசு. பூரியும் வடையும் புதுசு. வீடு மாறிப் போகிற ஒரு தெரிந்தவர், "சும்மாவே எடுத்துக்கோங்க" என்று நவம்பர் ஆரம்பத்தில் கொடுத்தவை. சும்மா கிடைக்கிறதே என்ற சந்தோஷத்தில் நேராகக் கொண்டுவந்து பழைய கோழிகளோடு கூண்டில் விட்டேன். இந்த வரியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குளிர்காலம் இங்கிலாந்தில் கோழி வளர்த்தவர்களுக்கு நினைவிருக்கும். பறவைக் காய்ச்சல் நாடு முழுக்கப் பரவிக்கொண்டிருந்தது. நவம்பர் 7-ம் தேதியிலிருந்து, பெரிய பண்ணையானாலும் என்னைப் போல ஆறு கோழி வைத்திருப்பவரானாலும், எல்லாக் கோழிகளையும் கூரைக்குக் கீழே அடைத்து வைக்க வேண்டும் என்று உத்தரவு. அது விலக்கப்பட்டது அடுத்த ஏப்ரல் 18-ம் தேதிதான். திறந்த வெளியில் மேயும் கோழியின் முட்டை என்று விற்பதற்குக்கூட இடையில் பதினாறு வாரத்தோடு தடை வந்து, பெட்டியில் பெயரை மாற்றி ஒட்டினார்கள். நாங்களும் கூண்டின் முற்றத்துக்கு மேலே தகரம் அடித்து, சுற்றி ஒரு அங்குலத்துக்கு மிஞ்சாத கண்ணுள்ள வலை கட்டியிருந்தோம். சிட்டுக்குருவிகூட உள்ளே வரக்கூடாது. காட்டு வாத்து, கடல்காகம் இவற்றின் எச்சத்தில்தான் அந்தக் கிருமி வருகிறது. குளிரும் ஈரமும் இருந்தால் வாரக்கணக்கில் உயிரோடு கிடக்கும். இந்த ஊர் நவம்பருக்கு அதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்த நிலாதான் முதலில் கவனித்தாள். அவளுக்கு அப்போது ஒன்பது வயது.

"அம்மா, இட்லி தூங்கித் தூங்கி விழுது."

போய்ப் பார்த்தேன். இறகை உப்பிக்கொண்டு, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒரு மூலையில் நின்றபடியே கண்ணை மூடியிருந்தது. தீனி டப்பாவை ஆட்டினேன். வழக்கமாக முதல் ஆளாக ஓடிவருவது அதுதான். வரவில்லை. முகம் ஒரு பக்கம் வீங்கி, கண்ணோரத்தில் சோப்பு நுரை மாதிரிக் குமிழ். மூச்சு விடும்போது 'கர்' என்று ஒரு சத்தம். கொண்டை நுனி நீலம் பாரித்தது போல எனக்குத் தெரிந்தது. டார்ச் வெளிச்சத்தில் எல்லாமே நீலமாகத்தான் தெரியும், அது வேறு விஷயம்.

வீட்டுக்குள் வந்து பறவைக் காய்ச்சலின் அறிகுறிகளைத் தேடிப் படித்தேன். தலை வீக்கம், கொண்டை நீலமாதல், மூச்சுத் திணறல், தீனி எடுக்காமை, முட்டை குறைவது, கழிச்சல், திடீர்ச் சாவு. பாதிக்கு மேல் பொருந்தியது. சந்தேகம் வந்தாலே உடனே அரசின் விலங்கு நலத் துறைக்குப் போன் பண்ண வேண்டும், அது சட்டம். உறுதி ஆகும் வரை காத்திருப்பது நம் வேலை இல்லை. இது எனக்குத் தெரியும், உத்தரவு வந்த அன்றே படித்திருந்தேன். தெரிந்தும் அன்று ராத்திரி நான் போன் பண்ணவில்லை.

ஏன் என்றால், நிலா கேட்ட கேள்வி.

"போன் பண்ணினா, மிளகையும் கொன்னுடுவாங்களாம்மா?"

பிள்ளைகளிடம் பொய் சொல்லக்கூடாது என்று இதே பகுதியில் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். "பறவைக் காய்ச்சல்னு உறுதியாச்சுன்னா ஆறையும் எடுத்துடுவாங்க. வேற வழி இல்ல" என்றேன். அவள் அழவில்லை. "அப்ப நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றாள். நானும் அதைப் பிடித்துக்கொண்டேன். ஒன்பது வயதுப் பிள்ளை சொன்னதை ஒரு சாக்காக.

அப்போது எங்களோடு தங்கியிருந்த அம்மாவின் வைத்தியம் வேறு. "சின்ன வெங்காயத்தையும் மஞ்சளையும் அரைச்சு உருண்டை புடிச்சுக் குடு, காலையில எந்திரிச்சு ஓடும்" என்றார். என் சின்ன மகன் கவின் அட்டைப்பெட்டியோடு வந்து நின்றான், இட்லியைச் சமையலறை ஹீட்டர் பக்கத்தில் வைக்க வேண்டுமாம். அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ளவில்லை. முந்தைய வருடக் கடைசியில்தான் இங்கிலாந்தின் தென்மேற்கில் வீட்டுக்குள்ளேயே வாத்துகளோடு நெருங்கிப் பழகிய ஒருவருக்கு அந்தக் கிருமி தொற்றியிருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, நன்றாகத்தான் இருந்தார். ஆனாலும் அன்று என் வீட்டில் அந்தத் தைரியம் எனக்கு வரவில்லை. கையுறையும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு இட்லியைத் தூக்கி கராஜில் தனியாக வைத்தேன். போட்டிருந்த துணியை வாசலிலேயே கழற்றினேன்.

அன்று தூக்கம் வரவில்லை. திண்டுக்கல் பக்கத்து எங்கள் ஊர்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. எனக்கு எட்டு வயது, கோடை விடுமுறைக்கு அப்பத்தா வீட்டுக்குப் போயிருக்கிறோம். முற்றத்தில் பஞ்சாரம் போட்டுப் பதினான்கு கோழிகள். ஒருநாள் காலை ஒரு விடைக்கோழி கழுத்தைத் திருகிக்கொண்டு வானத்தைப் பார்த்தபடி சுற்றிச் சுற்றி வந்தது. நானும் அண்ணனும் அது வித்தை காட்டுகிறது என்று சிரித்தோம். அப்பத்தா சிரிக்கவில்லை. "கழிச்சல் வந்துருச்சு" என்று மட்டும் சொன்னார். மறுநாள் முற்றமெல்லாம் வெள்ளையும் பச்சையுமாக எச்சம். மூன்று கோழி செத்தது. அடுத்த நாள் வியாழக்கிழமை, பக்கத்து ஊரில் சந்தை. இன்னும் நின்றுகொண்டிருந்த கோழிகளில் ஐந்தைக் காலைக் கட்டிக் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் விற்றுவிட்டு வந்தார் அப்பத்தா. மிச்சம் ஆறும் ஞாயிற்றுக்கிழமைக்குள் போய்விட்டன.

விற்ற அந்த ஐந்து எந்தெந்த ஊருக்குப் போயிருக்கும்? எட்டு வயதில் அது தோன்றவில்லை. கோழி போனதே என்றுதான் அழுதேன். அப்பத்தாவைக் குறை சொல்ல இன்றும் எனக்கு மனசு வரவில்லை. அந்தக் கோழிகள்தான் அவருடைய கைச்செலவுக் காசு. நோய் வந்ததென்று சொன்னால் யாரும் பத்து பைசா தரப்போவதில்லை.

அது வெள்ளைக்கழிச்சல். ராணிக்கெட் நோய் என்றும் சொல்வார்கள், உத்தராகண்டில் உள்ள ராணிக்கெட் ஊரின் பெயர். அதே நோய்க்கு இங்கே பெயர் நியூகாசில் நோய். 1926-ல் டைன் நதிக்கரை நியூகாசிலில் கோழிகள் கூட்டமாகச் செத்தபோது வைத்த பெயர். அதே வருடம் ஜாவாவிலும் வந்தது, கொஞ்ச நாளில் இந்தியாவிலும். என் அப்பத்தா முற்றத்துக்கு வந்ததும் என் பிள்ளைகள் பிறந்த நாட்டு ஊரின் பெயரில் இருப்பதும் ஒரே நோய் என்று தெரிந்தபோது எனக்கு ஏனோ ஒரு மாதிரி இருந்தது.

அந்த நோய்க்கு ஊசி உண்டு. குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு, எட்டு வாரத்தில் இறக்கையில் ஊசி. தமிழ்நாட்டில் பிப்ரவரி மாதத்தில் கால்நடைத் துறை ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுகிறது. ஊரில் உங்கள் சொந்தக்காரர்கள் யாராவது கோழி வைத்திருந்தால் போனில் ஒரு வார்த்தை கேளுங்கள், "போட்டீங்களா?" என்று. கழிச்சல் வந்த பிறகு ஊசி போட்டுப் பிரயோசனம் இல்லை. ஊருக்குப் போய்க் கோழிகளோடு விளையாடிவிட்டு வரும் பிள்ளைகளின் செருப்பைக் கழுவிப் பெட்டியில் வையுங்கள். இங்கே கோழி வைத்திருப்பவர்கள் அந்தச் செருப்போடு கூண்டுப் பக்கம் போகவே வேண்டாம்.

சரி, அந்த ராத்திரிக்கு வருகிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகிற தூரத்தில் ஒரு முட்டைப் பண்ணை இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கோழிகள். நடத்துகிறவருடைய மகள் நிலாவோடு படிக்கிறாள். பறவைக் காய்ச்சல் உறுதியானால் மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வளையம், பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு வளையம் போட்டு, உள்ளே இருக்கிற பண்ணைகளிலிருந்து அனுமதி இல்லாமல் கோழி, முட்டை எதையும் வெளியே நகர்த்த விட மாட்டார்கள். அது அவருக்கு நஷ்டம். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டு, என் பூட்ஸில் ஒட்டிய எச்சத்தோடு பள்ளிக்கூட வாசலில் அவர் பக்கத்தில் போய் நின்றால்? அப்பத்தாவின் சந்தைக் கூடைக்கும் என் பூட்ஸுக்கும் என்ன வித்தியாசம்? அப்பத்தாவுக்காவது காசு தேவை இருந்தது.

விடிந்து கராஜைத் திறந்தபோது இட்லி செத்துக் கிடந்தது. கூண்டில் சாம்பாரும் தும்மிக்கொண்டிருந்தது. ஆறரை மணிக்குப் போன் பண்ணினேன். விடுமுறை நாளாக இருந்தாலும் இதற்கென்று எடுக்கிறார்கள்.

ஒரு கால்நடை டாக்டர் திரும்பக் கூப்பிட்டார். எத்தனை கோழி, எத்தனை செத்தது, தீனியும் தண்ணீரும் எந்த அளவு குறைந்தது, பக்கத்தில் குளம் உண்டா, கடைசியாகப் புதுக் கோழி எப்போது வந்தது. இந்தக் கடைசிக் கேள்விக்கு நான் பதில் சொன்னதும் அவர், "தனியாக வைத்திருந்தீர்களா?" என்றார். நான் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. "நேற்றே கூப்பிட்டிருக்கலாமே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் வெள்ளை மேலங்கியோடு வந்தார்கள். எங்கள் தெரு அப்படி ஒரு காட்சியைப் பார்த்ததில்லை. ஒவ்வொரு கோழிக்கும் தொண்டையிலும் பின்புறத்திலும் பஞ்சுக்குச்சி விட்டு எடுத்தார்கள். இட்லியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். கவின் ஆப்பிள் மரத்தடியில் குழி வெட்டி வைத்திருந்தான் பாவம். இங்கே கோழியைத் தோட்டத்தில் புதைக்கச் சட்டமும் இடம் கொடுப்பதில்லை. முடிவு வரும்வரை முட்டை, தீனி, எருக்குப்பை எதுவும் வீட்டை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. பறவைக் காய்ச்சல் இல்லை, நியூகாசிலும் இல்லை. மைக்கோபிளாஸ்மா. அதோடு ஈ.கோலையும் சேர்ந்துகொண்டு இட்லியின் காற்றுப்பைகளை அடைத்திருந்தது. வெளியே பார்க்க நன்றாக இருக்கும் கோழியே அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு திரியும். இடம் மாறின அலைச்சல், அடைத்து வைத்த நெருக்கம், ஈரம் எல்லாம் சேர்ந்தால் வெளியே வரும். பூரியோ வடையோ கொண்டுவந்ததுதான் என்று டாக்டர் சொன்னார். கோழிகள் மேல் தப்பில்லை, கொண்டுவந்து விட்டவள் நான்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். புதுக்கோழி வந்தால் மூன்று நாலு வாரம் தனிக் கூண்டு, பழைய கூண்டிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி. தனித் தண்ணீர், தனித் தீனி. தினமும் முதலில் பழைய கோழிகளைப் பார்த்து முடித்துவிட்டு அப்புறம்தான் புதுசு. சீக்குக் கோழி இருந்தால் அது எல்லாவற்றுக்கும் கடைசி. கூண்டுக்கென்று ஒரு ஜோடி பூட்ஸ், அது தோட்டத்தை விட்டு வெளியே போகாது. வாசலில் மருந்துத் தண்ணீர்த் தட்டு வைப்பது நல்லதுதான். ஆனால் நான் ஒரு மாதம் சேற்றுப் பூட்ஸை அப்படியே அதில் முக்கிக்கொண்டிருந்தேன். அந்த டாக்டர் பார்த்துவிட்டு, சேற்றின் மேல் கிருமிநாசினி வேலை செய்யாது, முதலில் பிரஷ் போட்டுத் தேய்த்துவிட்டு அப்புறம் முக்குங்கள் என்றார்.

அம்மாவுக்குச் சங்கடமானது வேறொன்று. வந்த நாளிலிருந்து ராத்திரி மிஞ்சின சோறு, காய்த்தோல், ஒருநாள் தயிர்சாதம்கூட கோழிக்குப் போட்டுக்கொண்டிருந்தார். ஊரில் கோழி இருக்கிற வீட்டில் சோறு வீணாகாது. இங்கே வீட்டுச் சமையலறைக்குள் போய்வந்த எதையும் கோழிக்குப் போடுவது சட்டப்படி குற்றம், வெறும் முட்டைக்கோஸ் இலையானாலும். கறியும் பாலும் புழங்குகிற சமையலறையிலிருந்து கால்நடை நோய் போய்விடக்கூடாது என்பதற்காக. 2001-ல் கோமாரி நோய் இந்த நாட்டை உலுக்கிய பிறகு இதில் விளையாட மாட்டார்கள். "கோழிக்குச் சோறு போட்டா ஜெயிலா?" என்று அம்மா இன்னும் எல்லாரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். இப்போது தோட்டத்துக் கீரையைப் பறித்துச் சமையலறைக்குள் கொண்டு வராமல் நேராகக் கூண்டில் போடுகிறார்.

மற்றபடி எல்லாத் தும்மலுக்கும் பயந்து நடுங்க வேண்டாம். சின்னக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் பெரும்பாலும் ரத்தக்கழிச்சல், ஈரப் படுக்கையில் வருவது, மருந்து உண்டு. கொண்டையில் பொரிப்பொரியாகப் புண் வந்தால் கோழி அம்மையாக இருக்கும், கொசு கடித்துப் பரவுவது. இளங்கோழி ஒரு காலை முன்னாலும் ஒரு காலைப் பின்னாலும் நீட்டிப் படுத்தால் மாரெக் நோயாக இருக்கலாம். அதற்கு மருந்து இல்லை, பொரித்த அன்றே ஊசி போட்ட குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கோழி ஒரே நேரத்தில் சுணங்கினால், காரணமில்லாமல் திடீரென்று செத்தால், இரண்டு நாளாகத் தீனியோ முட்டையோ சட்டென்று குறைந்தால், படித்துப் பார்த்துக்கொண்டு உட்காராதீர்கள். முதலில் போன். வேறு நாட்டில் இருப்பவர்கள் அங்கே யாருக்குப் போன் பண்ணுவது என்று கோழி நன்றாக இருக்கும்போதே பார்த்து எழுதி வையுங்கள். இன்னொன்று, இங்கே நோய் உறுதியாகி எடுத்துக்கொண்டு போனால், அந்த நேரத்தில் நோய் இல்லாத கோழிகளுக்கு மட்டும்தான் அரசு இழப்பீடு தரும். என் அப்பத்தாவுக்குக் கிடைக்காத வசதி.

சீக்கைக் கண்டுபிடிப்பதற்கு நலம் எப்படி இருக்கும் என்று தெரிய வேண்டும். அதைப் பிள்ளைகளிடம் விடுங்கள், அவர்கள் நம்மைவிட நன்றாகப் பார்ப்பார்கள். நிலா தினமும் பள்ளிக்கூடம் போகுமுன் ஐந்து நிமிடம் சும்மா நின்று பார்ப்பாள். யார் முதலில் ஓடிவந்தது, யார் வரவில்லை, கண் பளிச்சென்று இருக்கிறதா, எச்சம் எப்படி. கோழி தன் சீக்கை மறைக்கும். கூட்டத்தில் நோஞ்சானைக் கொத்திவிடுவார்கள் என்று அதற்குப் பயம். நமக்கே தெரிகிற அளவுக்குச் சுணங்கியிருந்தால் ஏற்கனவே பல நாள் ஆகியிருக்கும். பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கோழிக்கு முத்தம் கிடையாது, கவின் எத்தனை அழுதாலும். நன்றாக இருக்கிற கோழியிடமிருந்தே சால்மொனெல்லா பிள்ளைகளுக்கு வரும்.

மிச்சம் ஐந்துக்கும் டாக்டர் தண்ணீரில் கலக்கும் மருந்து கொடுத்தார். மருந்து கொடுத்த நாட்களிலும், அதற்குப் பிறகு அவர் சொன்ன நாள் வரைக்கும் வந்த முட்டைகளைக் குப்பையில் போட்டோம். அம்மாவால் அதைப் பார்க்கவே முடியவில்லை. கோழிகள் தேறின. ஆனால் மைக்கோபிளாஸ்மா ஒருமுறை வந்தால் போகாது, அவை உயிரோடு இருக்கும் வரை சுமந்துகொண்டே இருக்கும். அதனால் எங்கள் கூண்டுக்குள் புதுசாக எதுவும் வரமுடியாது, வெளியேயும் எதுவும் போகமுடியாது. போன வருடம் ஒரு சிநேகிதி, "ரெண்டு கோழி எங்களுக்குக் குடேன், எங்க பையன் ஆசைப்படறான்" என்றாள். முடியாது என்றேன். கோழிதானே, இதற்குக்கூடக் கஞ்சத்தனமா என்று நினைத்திருப்பாள். உட்காரவைத்து முழுக்கதையும் சொன்னேன். பாதியில் டீ ஆறிவிட்டது.

2024 அக்டோபர் 1-ம் தேதியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும், ஒரே ஒரு கோழி வைத்திருந்தாலும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று சட்டம் வந்தது. ஸ்காட்லாந்தில் அதற்கு ஒரு மாதம் முன்பே. பக்கத்தில் எங்காவது நோய் வந்தால் நமக்குத் தகவல் வரும் என்பது அதில் நமக்குள்ள லாபம். எங்களுக்கு அந்தப் படிவத்தை நிரப்பியது நிலா. பூரியும் முறுக்கும் அதற்குள் வயதாகிப் போய்விட்டன. எண்ணிக்கை கேட்ட இடத்தில் 3 என்று போட்டாள். அனுப்பிவிட்டு நிமிர்ந்து, "ஒரு கோழியோட பேர்கூடக் கேக்கலம்மா" என்றாள்.